அவர் இன்னும் முடிக்கவில்லை

அப்பாவைக் கூட்டிக்கொண்டு குமாசி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து கொனாடு சரியில்லை. வாயே திறப்பதில்லை என்று அவள் அம்மா அஃப்ராக்கோமா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எங்கள் ப்ரமான்சோவில் ஒருவரும் நம்பவில்லை.

நம்புவது கஷ்டம்தான். எங்கள் ஊர் ஒலிபெருக்கி நிலையத்தின் குரலே அவள்தான். கோழி கூவும் முன் எழுந்து, யார் வீட்டில் சாவு, எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எவருடைய ஆடு எவருடைய மரவள்ளித் தோட்டத்தில் மேய்கிறது என்று மூச்சு விடாமல் சொல்லி முடிப்பாள். செத்தவரே எழுந்து, "கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா, யாரு செத்ததுன்னு எனக்கே புரியல" என்று கேட்கக்கூடிய வேகம். அந்த வேகத்துக்குத்தான் அக்ராவில் பெரிய வானொலி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும்.

அவள் அப்பா அடோமாக்கோவுக்கும் பேச்சுதான் தொழில். எங்கள் ஊர்த் தலைவர் சபையில் யாரோடும் நேராகப் பேச மாட்டார். அவர் தணிந்த குரலில் சொல்வதை வாங்கி, மெருகேற்றி, விட்டுப்போனதை நிரப்பி, சபைக்குக் கொடுப்பவர் தலைவரின் பேச்சாளர். தங்கத் தகடு போர்த்திய தடியைப் பிடித்துக்கொண்டு அடோமாக்கோ எழுந்து நின்றால், வழக்கில் தோற்றவன்கூட சந்தோஷமாகத் தோற்றுவிட்டுப் போவான். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் அந்தப் பேச்சையும் ஒரே நாளில் முடக்கிப்போட்டது.

குமாசியில் நடந்தது இதுதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் எசினாம் என்ற பெண் டீக் கோப்பையையும் தண்ணீர் டம்ளரையும் அவர் முன்னால் வைத்து, "எது வேணும்?" என்று கேட்டாள். "டீதான்" என்றாள் அஃப்ராக்கோமா. "அப்பா டீதான் குடிப்பாரு" என்றான் மகன் அசியாமா. எசினாம் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய இடது கையில் மெதுவாகத் தட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி கடகடத்து வந்தது, போனது. கொனாடுவுக்கு உடம்பெல்லாம் அரித்தது. அப்புறம் அப்பா சொன்னார்:

"தண்ணி."

பல மாதங்களுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் தெளிவான சொல் அது. கொனாடு வாயடைத்துப் போனது அங்கேதான்.

கிளம்பும்போது எசினாம் சொன்னாள்: "புத்தி நல்லா இருக்கு. நினைக்கிறதெல்லாம் உள்ள இருக்கு. அங்கேயிருந்து வாய்க்கு வர்ற பாதைதான் இடிஞ்சுபோச்சு. அவரு புதுசாப் பாதை போட்டுட்டிருக்காரு. நீங்க குறுக்க போகாதீங்க."

குறுக்கே போகாதே என்று எங்கள் ஊரில், அதுவும் அந்த வீட்டில் சொல்வது லேசான காரியமா? அடுத்தவர் பேச்சை அழகாக முடித்துக் கொடுப்பதுதான் அவர்களுக்குப் பரம்பரைப் பெருமை. அன்பு கூடக் கூட, இன்னும் வேகமாக முடித்துக் கொடுத்தார்கள்.

இனி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

*

அன்று தலைவரின் அரண்மனையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அடோமாக்கோவின் தடி இத்தனை நாளாகச் சும்மா இருக்கிறது. அதை மகன் அசியாமா வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கப் போகிறார்கள். எங்கள் பக்கம் சொத்தும் பதவியும் தாய்வழியில் போகும். இந்தத் தடி மட்டும் அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். அரண்மனைக்கு ஒருமுறை வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு மாற்ற முடியாது.

அசியாமா தக்கோராடியில் கணக்கு வாத்தியார். அடுத்த பருவத்துக்குத் திரும்பி வர மாட்டேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். தங்கைக்கு அக்ரா வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான். காலையிலேயே தோளில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் நடந்தபடி பதிலை ஒத்திகை பார்த்தான்.

"எங்க அப்பாவோட பலம் ஓஞ்சுபோச்சு. ஆனா அவர் குரல் ஓயல. அது என் தொண்டையில இருக்கு..."

"ரொம்ப நல்லா இருக்குடா கண்ணு" என்றாள் அஃப்ராக்கோமா, புருஷனுக்குக் கம்பங்கஞ்சி ஊட்டியபடி.

அடோமாக்கோ கரண்டியை இடது கையால் ஒதுக்கினார். "அசி... அசியாமா..."

"ஆமா, அசியாமாதான் தடியை வாங்கிக்கப் போறான். அதானே சொல்ல வர்றீங்க? எனக்குத் தெரியாதா?" என்று அஃப்ராக்கோமா அவர் வாயைத் துடைத்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தியா, எவ்வளவு நிம்மதி!" என்றாள் அம்மா.

பயறு வடையைக் கடிக்கப்போன கொனாடு அப்படியே நின்றாள். இதுவரை அவளும் அதை நிம்மதி என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டில் டீ வேண்டுமா என்று கேட்டு இவர்களே ஆமாம் சொல்லிக்கொண்டபோதும் அவர் இப்படித்தான் கண்ணை மூடினார். எசினாமிடம் 'தண்ணி' என்று சொன்னபோது மட்டும் கண் அகலத் திறந்திருந்தது.

அவர் கண்ணை மூடுவது சம்மதத்துக்கு அல்ல. இனி இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று விட்டுவிடுவதற்கு.

"அம்மா, அவர் வேற என்னமோ சொல்ல வந்தாரு."

"என்னத்தைடீ சொல்லப் போறாரு? முப்பது வருஷமாக் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாததை நீ கண்டுட்டியா?"

"எனக்கும் தெரியாதும்மா. அதைத்தான் சொல்றேன்."

"திங்கட்கிழமை வேலைக்குப் போற பொண்ணு, போய்ப் பெட்டியைக் கட்டு" என்றான் அசியாமா. அவன் குரலில் எரிச்சல் இருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையமும் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

*

வந்தவர் ஜாமெரா, அரண்மனையின் இரண்டாவது பேச்சாளர், அடோமாக்கோவுக்குப் பல வருடம் பக்கத்தில் நின்றவர். கூட இரண்டு பெரியவர்கள். நாற்காலி போட்டார்கள். கொனாடு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார்கள். இனி வீட்டுக்காரர் வந்த சேதியைக் கேட்க வேண்டும். கேட்காமல் விருந்தாளி சொல்லக் கூடாது.

அசியாமா தொண்டையைச் செருமினான். "பெரியவங்களுக்கு வணக்கம். அப்பா கேக்கச் சொல்றாரு, நீங்க வந்த..."

"அண்ணே, அப்பா இன்னும் கேக்கல" என்றாள் கொனாடு.

கூடம் திடுக்கிட்டது. ஜாமெரா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேச்சாளர் வீட்டில், அரண்மனை ஆட்கள் முன்னால், தண்ணீர் கொடுக்க வந்த பெண் குறுக்கே பேசுவதாவது!

"அடியே, வாயை மூடு!" அஃப்ராக்கோமா பல்லைக் கடித்தாள்.

"மூடத்தாம்மா சொல்றேன். எல்லாரையும்." கொனாடு அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். "பெரியவரே, நான் செய்றது தப்புன்னா அப்புறம் என்ன தண்டனை வேணா போடுங்க. சேதி கேக்க வேண்டியவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் உசிரோட இங்கதான் இருக்காரு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். எசினாம் பார்த்த மாதிரியே, முகத்தை மட்டும்.

அமைதி என்றாலே கொனாடுவுக்குப் பயம். ஒலிபெருக்கி ஒரு நொடி சும்மா இருந்தால், மின்சாரம் போய்விட்டதா என்று ஊரே கேட்கும். இப்போதோ நாக்கின் நுனியில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்து முட்டின. அப்பா எதைச் சொல்ல வருகிறார் என்று அவளுக்கே ஊகம் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் என்ன? ஒரு எழுத்து? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சே..." என்றார் அடோமாக்கோ. "சே..."

"சேதி கேட்கிறார்! மிக்க மகிழ்ச்சி!" ஜாமெராவுக்குப் பழக்கதோஷம், தானாக வந்துவிட்டது. "தலைவர் எங்களை அனுப்பியதன் நோக்கம்..."

"மன்னிக்கணும். அவர் இன்னும் முடிக்கல."

ஜாமெராவின் வாய் திறந்தபடியே நின்றது.

"சே...தி." அடோமாக்கோவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "என்ன... சேதி?"

அஃப்ராக்கோமா முந்தானைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். அசியாமா சுவரைப் பிடித்துக்கொண்டான். ஜாமெரா எழுந்தார். தலைவர் முன்னால் செய்வது போலத் தோள் துணியை நழுவவிட்டு, வெறும் தோளோடு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, தலைவர் உங்களை நலம் விசாரிச்சாரு" என்றார், அலங்காரம் எல்லாம் போய்விட்ட குரலில். "தடி சும்மா இருக்கு. உங்க மகன் வாங்கிக்கிறதுல உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கச் சொன்னாரு. சம்மதம்னா ஞாயித்துக்கிழமை சபையில வச்சு வாக்கு வாங்கிடலாம்."

அசியாமா முன்னால் வந்தான். "எங்க அப்பாவோட பலம்..."

அடோமாக்கோவின் இடது கை மெல்ல மேலே எழுந்தது. அசியாமா நின்றுவிட்டான்.

"அசி...யாமா..."

"அசியாமா கையில் ஒப்படைக்..." என்று ஆரம்பித்த ஜாமெரா தானே நிறுத்திக்கொண்டு, "முடிக்கல, முடிக்கல" என்று முணுமுணுத்தார்.

"அசியாமா..." அதற்கு மேல் வரவில்லை. உதடு இழுத்தது. மறுபடி ஒரு முறை முயன்றார். பிறகு, கண்ணை மூடிக்கொண்டார்.

போச்சு, என்று நினைத்தாள் கொனாடு. காலையில் போலவே விட்டுவிட்டார். பின்னால் அம்மா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. இதோ பேசப் போகிறாள். கொனாடு திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி அம்மாவின் கையைப் பற்றினாள். மறு கையால் அப்பாவின் இடது கையில், எசினாம் தட்டிய மாதிரி, மெதுவாகத் தட்டினாள். அவசரம் இல்லை அப்பா. இந்த ஊரே காத்திருக்கட்டும்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"வே...ணாம்."

அசியாமா தலை நிமிர்ந்தான்.

"பள்ளி...க்கூடம்" என்றார். கொஞ்சம் கழித்து, "கணக்கு." மறுபடி நெடுநேரம். அவர் பார்வை மகன்மேல் போய் நின்றது. "படுக்கையில... அழுவுறான். பாத்தேன்."

அசியாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊருக்கு வந்ததிலிருந்து அப்பாவோடு ஒரே அறையில் படுப்பவன் அவன். பேச முடியாதவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்று நாம் எல்லாரும் நினைத்துவிடுகிறோம்.

"உங்களுக்கு ஆசைன்னு நெனச்சேன்ப்பா" என்று தேம்பினான். "அம்மா சொன்னா, அப்பாவோட ஒரே ஆசை இதுதான்னு. என் பள்ளிக்கூடப் பசங்களை விட்டுட்டு வர எனக்கு உசிரே போச்சு. யாருகிட்ட சொல்லுவேன்?"

"நான் அவர் கண்ணை மூடுறதைப் பாத்துச் சொன்னேனேடா!" அஃப்ராக்கோமா தலையில் அடித்துக்கொண்டாள். "சரின்னு சொல்றாருன்னு நெனச்சேனே!"

இத்தனை நாளும் அந்த வீட்டில் அப்பாவுக்காக மகன் பேசினான், மகனுக்காக அம்மா பேசினாள். எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஒருவர் மனசில் இருந்ததை ஒருவரும் சொல்லவில்லை.

மூலையில் துணி சுற்றி வைத்திருந்த தடியை அசியாமா எடுத்துவந்து அப்பாவின் இடது கையில் கொடுத்தான். அவர் அதை ஜாமெராவிடம் நீட்டினார். சொல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஜாமெரா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது ஜாமெரா கொனாடுவைக் கூப்பிட்டார். பழைய மிடுக்கு திரும்பியிருந்தது.

"பொண்ணே, அரண்மனைச் சேதி சொல்ல வந்தவன் பேச்சை வெட்டியிருக்கே. ஞாயித்துக்கிழமை சபைக்கு வரணும். தலைவர் கேப்பாரு, பதில் சொல்லணும்."

கோபமா, வேறு ஏதாவதா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

சாயங்காலம் கொல்லையில் அசியாமா வெந்த வாழைக்காயும் மரவள்ளியும் உரலில் போட்டு இடித்தான். பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் திருப்பிப் போட்டாள் கொனாடு.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை சபைக்குப் போய்ப் பதில் சொல்லிடுறேன். ஆனா திங்கட்கிழமை அக்ரா வேலைக்கு நான் போகல."

உலக்கை நின்றது. "என்னது?"

"ரேடியோ வேண்டாம். எசினாம் படிச்ச படிப்பைப் படிக்கணும். குமாசியில இருந்து கிளம்பும்போதே கேட்டுட்டேன். என்கிட்ட இருக்கிற பட்டம் போதுமாம். அக்ரா பல்கலைக்கழகத்துல இடம் கேக்கணுமாம்."

அசியாமா சிரிக்க ஆரம்பித்தான். அழுது வீங்கிய கண்ணோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீயா? வாயை மூடிக்கிட்டு உக்கார்ற வேலைக்கு நீயா? கோட்டான் பகல்ல கடை வச்ச கதையா இருக்கே!"

"சிரி. நல்லாச் சிரி." அவள் மாவை ஓங்கி அறைந்தாள். "ஆனா நான் இதுவரைக்கும் பேசின பேச்சுல ஒண்ணுகூட இன்னிக்கு அப்பா சொன்ன 'வேணாம்' மாதிரி இல்லண்ணே. அவர் அந்தச் சொல்லைத் தேடிக்கிட்டிருந்தப்போ நான் அங்க இருந்தேன் பாரு, பயந்து செத்தேன். ஆனா எழுந்து போகத் தோணல. இதுதான் என் வேலைன்னு தோணிச்சு. இதை விட்டுட்டு எப்படி மைக் முன்னாடி போய் உக்காருவேன்?"

அவன் சிரிப்பு நின்றது. வேலை வாங்கிக் கொடுத்த நண்பனுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தானோ என்னவோ, "அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான்.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். "ரெண்டு வருஷம் நீ அக்ராவுல. நான் தக்கோராடியில. இங்க அப்பாவுக்கு யாரு காத்திருப்பாங்க? அம்மாவா?"

கொனாடுவுக்குச் சுருக்கென்றது. அதை அவள் யோசிக்கவே இல்லை. அம்மாவுக்கு ஒரு மூச்சு இடைவெளி கிடைத்தால் அதில் மூன்று வாக்கியம் போடுவாள். ஊருக்கெல்லாம் பேச்சை மீட்டுக் கொடுக்கப் படிக்கப் போய், சொந்த அப்பாவின் பேச்சை மறுபடி மூடி வைத்துவிட்டுப் போவதா? அப்படியொரு படிப்பு வேண்டுமா? அவள் கை மாவிலேயே நின்றுவிட்டது.

உள்ளே அம்மா அப்பாவுக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தாள். திறந்த கதவு வழியாக எல்லாம் கேட்டது.

"இந்தாங்க, சூப்பு சூடா இருக்கு. ஊதித் தரவா? கை கழுவணுமா? மீனைப் பிச்சுப் போடவா? தலகாணி வேணுமா? காத்து வரலியா? ஜன்னல..."

சட்டென்று சத்தம் நின்றது.

கொனாடு எழுந்து கதவருகே போனாள். அம்மா சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தாள், பேச்சு வாயில் வராவிட்டால் கை வழியாகவாவது வந்துவிடும் என்று பயந்தவள் போல. உதடு அசைந்து அசைந்து மூடிக்கொண்டது. கண்ணில் நீர் நின்றது. ஆனால் பேசவில்லை. அஃப்ராக்கோமா பேசாமல் உட்கார்ந்திருப்பதை அந்தத் தெருவில் எவரும் பார்த்ததில்லை. அந்தப் புண்ணியம் கொனாடுவுக்குத்தான் கிடைத்தது.

அடோமாக்கோ சூப்பில் ஒரு வாய் எடுத்தார். கரண்டியை வைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"உப்..." என்றார். "உப்பு... இல்ல."

"என்ன?"

"உப்பு... இல்ல. தெனமும்... இல்ல. நல்லா... இல்ல."

அஃப்ராக்கோமா எழுந்து நின்றுவிட்டாள். "டாக்டர் உப்புப் போடக் கூடாதுன்னு சொன்னாரு! இத்தனை மாசமா நான் செஞ்சதெல்லாம் நல்லா இல்லியா? ஒரு வார்த்தை சொன்னீங்களா? கோழிச் சூப்பு? அதுவும் நல்லா இல்லியா?"

அவர் யோசித்தார். "கோழி... மோசம்."

"மோசமா!"

அவள் கோபத்தில் அழுதாளா, சிரிப்பில் அழுதாளா என்று கொனாடுவுக்குத் தெரியவில்லை. நோய் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டையே நடக்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கதவருகே நின்ற மகளைப் பார்த்தாள்.

"கொல்லையில நீங்க ரெண்டு பேரும் பேசினது எனக்குக் கேக்கலேன்னு நெனச்சியா? போ. போய் அந்தப் படிப்பையே படி. இங்க யாரு காத்திருப்பாங்கன்னு நீ ஒண்ணும் கவலைப்பட வேணாம். இந்த மனுஷனோட சண்டை போட எனக்கு ஆள் தொணை எதுக்கு?"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "உப்பு ஒரு துளிகூடக் கெடைக்காது. இப்ப என்ன சொல்றீங்க?"

அடோமாக்கோ வாயைத் திறந்தார். அஃப்ராக்கோமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவர் என்ன சொல்லித் திட்டப்போகிறார் என்று ஆசையோடு காத்திருந்தாள்.